பழைய எம்எக்ஸ்-5 காருக்கு வேறு நிறம் அடிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் நம்மவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். 1989இல் வெளிவந்து 1997 வரை தயாரான முதல் தலைமுறை கார் இது. எழுந்து மடங்கும் முகவிளக்கும் இரண்டே இருக்கையும் துணிக்கூரையும் கொண்டது. வாங்கிய சில மாதங்களில் எல்லாருக்கும் ஒரே ஆசை வந்துவிடுகிறது: கலரை மாற்றினால் என்ன? திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, ஒரே வரியில சொல்லுங்க. கலர் மாத்தலாமா வேணாமா?

கார் சாதாரண மாடலாக இருந்து, நீங்கள் நெடுநாள் வைத்துக்கொள்ளப் போகிறவராகவும், கதவைத் திறந்தால் தெரிகிற இடங்கள் உட்பட எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கத் தயாராகவும் இருந்தால் தாராளமாக மாற்றலாம். இதில் ஒன்று குறைந்தாலும், பிறந்த நிறத்திலேயே நன்றாக அடித்துக்கொள்வது மேல்.

சிவப்பு கார் வெளுத்து ரோஸ் கலர் ஆயிடுச்சு. இனி பெயிண்ட் அடிக்கறதைத் தவிர வேற வழி இல்லையே?

இருக்கிறது. ஆரம்பகால கிளாசிக் ரெட் கார்களில் மேலே தனியாக க்ளியர் கோட் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சிலேயே இருக்கும். வெயிலில் அதன் மேல்பரப்பு மட்டும் செத்துப்போய் வெளுக்கும். அடியில் நல்ல சிவப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பானெட்டின் ஒரு மூலையில் உள்ளங்கை அளவு இடத்தைக் கழுவிக் காயவைத்து, வெள்ளைத் துணியில் கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட் தொட்டுத் தேயுங்கள். துணி சிவப்பாக வந்தால் நல்ல செய்தி, அது செத்த பூச்சு கழன்று வருவதுதான். துடைத்துப் பார்த்தால் அந்த மூலை மட்டும் புது கார் மாதிரி நிற்கும். கார் முழுவதையும் மெஷினில் பாலிஷ் போட்டு வாக்ஸ் அடித்தால் பாதிப் பேருக்குக் கலர் மாற்றும் ஆசையே போய்விடும். மறுபடி வெளுக்கத்தான் செய்யும், அதனால் வாக்ஸை விடாமல் போட்டுவர வேண்டும். விளிம்புகளில் மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள். அங்கே பூச்சு மெல்லியது, பிரைமர் எட்டிப் பார்த்துவிடும்.

மெட்டாலிக் நிறக் கார்களுக்கு இந்த வைத்தியம் ஓரளவுக்குத்தான். அவற்றில் க்ளியர் கோட் உரிய ஆரம்பித்துவிட்டால் பாலிஷால் ஒட்டவைக்க முடியாது.

என் கார் எந்தக் கலர்ல பிறந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாங்கும்போதே ரீஸ்ப்ரே பண்ணின, அதாவது மறுபடி பெயிண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு.

ஜப்பானிலிருந்து இறக்குமதியான யூனோஸ் ரோட்ஸ்டர் (எம்எக்ஸ்-5இன் ஜப்பான் பெயர்) என்றால் பானெட்டைத் திறந்து என்ஜினுக்குப் பின்னால் உள்ள சுவரைப் பாருங்கள். அங்கே உள்ள தகட்டில் மாடல் குறியோடு (1.6 என்றால் என்ஏ6சிஇ, 1.8 என்றால் என்ஏ8சி) நிறக் குறியும் இருக்கும். எஸ்யூ என்றால் கிளாசிக் ரெட், டியூ மரைனர் ப்ளூ, எச்யூ நியோ கிரீன்.

தகடு காணோம், அல்லது அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்றால் சோம்பேறிப் பெயிண்டர் தொடாத இடங்களைப் பாருங்கள். டிக்கிக் கம்பளத்துக்கு அடியில், கதவின் உள்அட்டைக்குப் பின்னால், இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பளத்துக்கு அடியில் எல்லாம் உண்மை நிறம் இருக்கும். முகவிளக்கை எழுப்பிவிட்டு அந்தக் குழிக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அதே கலர்னா ஒரு ரேட், வேற கலர்னா டபுள் ரேட் சொல்றாங்க. பெயிண்ட் விலை ஒண்ணுதானே? ஏமாத்துறாங்களா?

இல்லை, அவர்கள் சொல்வது நியாயம். பெயிண்ட் டப்பாவின் விலை மொத்த பில்லில் சின்னப் பங்கு. காசெல்லாம் கழற்றுவதற்கும் தேய்ப்பதற்கும் மறைப்பதற்கும் மாட்டுவதற்கும் போகிறது. அதே நிறம் என்றால் வெளியே தெரியும் தகடுகளோடு வேலை முடிந்துவிடும், கதவிடுக்கில் பழைய பெயிண்டே பொருந்திப்போகும். வேறு நிறம் என்றால் கதவு இடுக்குகள், கதவின் உள்ஓரம், டிக்கி மூடியின் அடிப்பக்கம், டிக்கியின் உள்பக்கம், பானெட்டின் அடிப்பக்கம், விளக்குக் குழிகள், பெட்ரோல் மூடிக்குள், அப்புறம் என்ஜின் அறை முழுவதும் எனப் பட்டியல் நீளும். இந்தக் காரில் என்ஜின் அறையும் உடல் நிறமே.

ஹார்டு டாப், அதாவது கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை, வைத்திருப்பவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் காரின் நிறத்தில்தான் இருக்க வேண்டும். சிலர் பழைய ஹார்டு டாப் வேறு நிறத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்துமாறு காரையே பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். பொத்தானுக்குச் சட்டை தைக்கிற கதை அது.

உள்ளே எல்லாம் விட்டுட்டு வெளியே மட்டும் அடிச்சா யார் பார்க்கப் போறாங்க?

நீங்கள் பார்ப்பீர்கள், ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும். வெளியே பச்சை, கதவிடுக்கில் சிவப்பு, நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டிய இடத்தில் சொரசொரவென்று ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் அந்த விளிம்பிலிருந்துதான் பெயிண்ட் உரியவும் தொடங்கும். இது கூரையைத் திறந்து ஓட்டும் கார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். மூடிய காரில் மறைந்துபோகும் பல ஓரங்கள் இதில் பளிச்சென்று தெரியும்.

கதவு, டிக்கி, பானெட் இடுக்குகள் எல்லாம் முடித்து, என்ஜின் அறையை மட்டும் பழைய நிறத்தில் விடுவது ஒரு நடுவழி. கருப்பு, வெள்ளி, வெள்ளை போன்ற நிறங்கள் அடியில் இருந்தால் அது அவ்வளவு உறுத்தாது. மஞ்சள் காருக்குள் நீல என்ஜின் அறை உறுத்தும். என்ஜினை வெளியே எடுக்க வேறு காரணம் இருந்தால், அதாவது எண்ணெய்க் கசிவு, என்ஜின் ரீபில்டு என்று ஏதாவது வந்தால், அந்தச் சமயத்தில் சேர்த்து அடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பின் சக்கரத்துக்கு முன்னால லேசா கொப்பளம் மாதிரி இருக்கு. பெயிண்ட் அடிக்கும்போதே பட்டி வெச்சு சரி பண்ணிடுவாங்கல்ல?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். அந்தக் கொப்பளம் வெளியிலிருந்து வந்தது இல்லை. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு தடத்தில் சேர்ந்து, இருபுறமும் உள்ள வடிகுழாய் வழியாகக் கீழே போக வேண்டும். இலையும் மண்ணும் சேர்ந்து குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஸில்லுக்குள், அதாவது கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகட்டுக்குள், போய்த் தேங்கும். பிரிட்டன் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் கீழிருந்து சேர்ந்துகொள்ளும். தகடு உள்ளிருந்து அரித்து, கடைசியாகத்தான் வெளியே கொப்பளம் தெரியும். அதன் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் ஓரிரு குளிர்காலத்தில் புது நிறத்தையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

ஸில் காரின் எலும்புக்கூட்டில் ஒரு பகுதி. அங்கே ஓட்டை விழுந்தால் வருடாந்திர எம்ஓடி தகுதிச் சோதனையில் தேறாது, பட்டியை வைத்து மறைத்தாலும் தேறாது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்து, உள்ளே துருத்தடுப்பு மெழுகு பாய்ச்ச வேண்டும். இதற்கு ஆகும் செலவே சிலருக்குப் பெயிண்ட் பணத்தை முழுங்கிவிடும். அப்படி முழுங்கினால் முழுங்கட்டும். வெளுத்த பெயிண்டும் நல்ல தகடும் உள்ள கார்தான் உயிரோடு இருக்கும்.

உங்கள் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி: கூரையைப் பாதி இறக்கி, இருக்கைக்குப் பின்னால் மூலையில் உள்ள துளையில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், காருக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டாமல் மேலேயே நின்றால் அடைப்பு. வளையக்கூடிய பிளாஸ்டிக் ஒயரை விட்டு மென்மையாகக் குத்தி எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும்.

சரி, மொத்தமா எவ்வளவு ஆகும்?

கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறும். தோராயமாக, வெளிப்புறம் மட்டும் அதே நிறத்தில் ஒழுங்காக அடிக்க சில ஆயிரம் பவுண்டு ஆகும். இடுக்குகளெல்லாம் சேர்த்து நிறம் மாற்றினால் அதில் பாதியோ அதற்கு மேலோ கூடும். என்ஜினை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, வெற்றுக் கூடாக்கி அடித்தால் காரை வாங்கிய விலையைத் தாண்டிவிடும். துருவேலை இந்தக் கணக்கில் சேராது.

ஆயிரம் பவுண்டுக்கு முழுக் காரையும் நிறம் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மேலே பட்டியலிட்ட வேலைகளில் எதை விடப்போகிறார் என்று கேளுங்கள்.

பெயிண்டுக்குப் பதிலா ராப் ஒட்டிட்டா? பிடிக்கலேன்னா கழட்டிடலாமே.

ராப் என்பது பெயிண்டின் மேல் ஒட்டும் நிறப் பிளாஸ்டிக் தாள். நிறத்தைப் பற்றி மனம் ஊசலாடுகிறவர்களுக்கு நல்ல யோசனை. செலவு பெயிண்டை விடக் குறைவு, பிறந்த நிறம் அடியில் பத்திரமாக இருக்கும். ஆனால் அடியில் இருக்கும் பெயிண்ட் உறுதியாக இருந்தால்தான் ராப் நிற்கும். க்ளியர் கோட் உரியும் கார், துருக் கொப்பளம் உள்ள கார், மட்டமாக ரீஸ்ப்ரே செய்த கார் இவற்றின் மேல் ஒட்டினால் குறை அப்படியே மேலே தெரியும், கழற்றும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். வெளியில் நிற்கும் காரில் சில வருடங்கள்தான் தாங்கும், அதிலும் வெயில் நேராக விழும் பானெட்டும் டிக்கி மூடியும்தான் முதலில் கெடும். கதவிடுக்குகளில் பெரும்பாலும் ஒட்டமாட்டார்கள், ஒட்டச் சொன்னால் தனிக்காசு. அதனால் வெளியே மட்டும் அடிப்பது பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

யூட்யூப் பார்த்து நானே கராஜ்ல அடிச்சுக்கலாம்னு இருக்கேன்...

தேய்ப்பது, கழற்றுவது, பட்டி பார்ப்பது வரை நீங்களே செய்யலாம். நேரம் இருந்தால் செலவில் பெரிய பங்கு அங்கேயே மிச்சமாகும். பெயிண்ட் அடிக்கும் கட்டத்தை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். இன்று கார்களுக்கு அடிக்கும் டூ-பேக் பெயிண்டிலும் க்ளியர் கோட்டிலும் ஹார்டனராக ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலே தாக்கும். கார்பன் ஃபில்டர் முகமூடி அதற்குப் போதாது, வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி வேண்டும். கண்ணுக்குத் தெரியாத புகை, அடித்து முடித்த பிறகும் அறையில் நிற்கும். கராஜை ஒட்டி வீடு, வீட்டில் குழந்தை என்றால் பேச்சே வேண்டாம். 2கே (டூ-பேக்) என்று போட்ட சின்ன ஸ்ப்ரே கேனிலும் இதே சங்கதிதான்.

விக்கும்போது விலை குறையுமா?

எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. ஆயிரக்கணக்கில் விற்ற சாதாரண 1.6 எம்எக்ஸ்-5 என்றால், நேர்த்தியாக நிறம் மாற்றிய கார் மட்டமான ஒரிஜினலை விட நல்ல விலைக்கே போகும். போட்ட காசு திரும்பாது என்பது வேறு விஷயம், அது எந்தப் பெயிண்டுக்கும் பொருந்தும்.

எண்ணிக்கையில் குறைந்த பதிப்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள். 1991இல் மாஸ்டாவின் 787பி பந்தயக் கார் பிரான்சின் லெ மான் பந்தயத்தை வென்றபோது, அதே பச்சை-ஆரஞ்சு வண்ணத்தில் டர்போ பொருத்திய 24 கார்கள் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தன. பார்க்கக் கண் கூசும், ஆனால் அந்தக் கூச்சம்தான் அதன் மதிப்பு. அதே போல ஜப்பானின் வி-ஸ்பெஷல், நியோ கிரீன் நிறமும் பழுப்புத் தோல் இருக்கையும் மர ஸ்டீயரிங்குமாக வந்தது. அந்தச் சேர்க்கையில் ஒன்றைப் பிரித்தால் மற்றவையும் அர்த்தமிழக்கும்.

போர்ஷே 911, ஜாகுவார் இ-டைப் போன்றவை இன்னும் கறார். அங்கே கார் பிறந்த நிறத்தையே ஆவணத்தில் பார்க்கிறார்கள். ஜாகுவாருக்கு அதன் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழில் முதல் நிறம் பதிவாகியிருக்கும். எம்ஜி, ட்ரையம்ஃப் கார்களுக்குக் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் அப்படிச் சான்றிதழ் வாங்கலாம். ஒரு காலத்தில் விலை போகும் என்று பல ஃபெராரிகளைச் சிவப்பாக்கினார்கள். இப்போது அவற்றில் பல பழைய நீலத்துக்கும் வெள்ளிக்கும் செலவழித்துத் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

முன்னாடி வெச்சிருந்தவர் ஏற்கெனவே கலர் மாத்திட்டார். பழைய கலருக்கே போகணுமா?

மறுபடி பெயிண்ட் தேவைப்படும் நிலைமை வந்தால், ஆமாம், அதுதான் என் கட்சி. அவர் இடுக்குகளை விட்டுவைத்திருந்தால் உங்களுக்கு லாபம்: வெளிப்புறம் மட்டும் அடித்தாலே கார் முழுசாகப் பொருந்திவிடும், நிறம் மாற்றும் கூலி கிடையாது. அவர் என்ஜின் அறை வரை முழுமையாக மாற்றியிருந்தால் புது நிறத்தையே அந்தக் காரின் நிறமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

எந்தக் கலர் இந்தக் காருக்கு எடுப்பா இருக்கும்?

ரசனைக்குக் குறுக்கே நிற்கமாட்டேன். அந்தக் காலத்தில் மாஸ்டாவே இந்தக் காருக்குத் தந்த நிறங்களில் ஒன்றை எடுத்தால் நிறம் மாற்றிய கார் என்ற உறுத்தல் வராது. மரைனர் ப்ளூ, சன்பர்ஸ்ட் மஞ்சள், பிற்பாடு வந்த மாண்டேகோ ப்ளூ எல்லாம் இந்த வளைந்த சின்ன உடலுக்கென்றே செய்தவை. இன்றைய கார்களில் வரும் சிமெண்ட் சாம்பல் நிறத்தை இதில் அடிப்பது எனக்குச் சம்மதம் இல்லை. அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: கருப்பு, அடர் நீலம் போன்றவை தகட்டின் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும், டிங்கரிங் வேலை பிசகாமல் இருக்க வேண்டும். வெள்ளி நிறத்தைப் பிற்காலத்தில் டச்சப் செய்வது பெரும்பாடு. மெட்டாலிக் இல்லாத சாதாச் சிவப்பும் வெள்ளையும்தான் டச்சப் செய்யச் சுலபம்.

டிவிஎல்ஏவுக்குச் சொல்லணுமா? இன்சூரன்ஸ்?

டிவிஎல்ஏ (பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம்), இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டுக்கும் சொல்ல வேண்டும். வி5சி பதிவுச் சான்றில் நிறம் "சிவப்பு", "நீலம்" என்று பொதுவாகத்தான் இருக்கும். அது மாறினால் திருத்தி அனுப்புங்கள், கட்டணம் கிடையாது. ராப் ஒட்டினாலும் இதே விதி. பிற்காலத்தில் வாங்குகிறவர் வாகன வரலாற்று அறிக்கை எடுத்தால் நிறம் மாறிய விவரம் அதில் வரும். அதனால் பழைய நிறம் எது, ஏன் மாற்றினீர்கள் என்பதற்குப் படங்களும் பில்லும் வைத்திருங்கள்.

சிவப்புக் காருக்கு இன்சூரன்ஸ் அதிகம் என்பது கட்டுக்கதை. ஆனால் மாற்றம் செய்ததைச் சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும் நாளில் பேச்சு வளரும். கிளாசிக் பாலிசியில் காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகை இருந்தால், பெயிண்ட் முடிந்ததும் புதுப் படங்களோடு மதிப்பைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஊர்ல அப்பாவோட பழைய கார் ஒண்ணு இருக்கு. அங்கேயும் இப்படித்தானா?

இந்தியாவில் ஆர்சி புத்தகத்தில் நிறம் பதிவாகியிருக்கும். அடிப்பதற்கு முன்பே ஆர்டிஓவில் விண்ணப்பித்து அனுமதி வாங்கி, முடிந்ததும் வண்டியைக் காட்டி ஆர்சியில் ஏற்ற வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். ஆலிவ் பச்சையை மட்டும் நினைக்காதீர்கள், அது ராணுவ வாகனங்களுக்கே உரியது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 121ஆம் விதி அப்படிச் சொல்கிறது.

பெயிண்ட் கடைக்காரர்கிட்ட என்னென்ன கேட்கணும்?

பானெட் அலுமினியம் என்று அவருக்குத் தெரியுமா என்று பேச்சுவாக்கில் பாருங்கள். அதற்கேற்ற பிரைமர் போடாவிட்டால் பாளம் பாளமாக உரியும். முன், பின் பம்பர்கள் வளையும் பிளாஸ்டிக். அதற்கு நெகிழ்வு தரும் சேர்மானம் கலப்பாரா என்று கேளுங்கள். பம்பர், கைப்பிடி, பக்க விளக்கு, ரப்பர் எல்லாம் கழற்றிவிட்டு அடிப்பாரா, டேப் ஒட்டி அடிப்பாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சண்டை வருவதெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்.

டிக்கியையும் காட்டுங்கள். பேட்டரி அங்கேதான் இருக்கிறது. முன்பு யாராவது சாதா பேட்டரி போட்டு அமிலம் கசிந்திருந்தால், அடியில் தகடு அரித்திருக்கும். பெயிண்டுக்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அடிச்சு வந்தாச்சு. உடனே வாக்ஸ் போடலாமா?

வேண்டாம். பூச்சு முழுசாக இறுக நாளாகும். ஒன்றிலிருந்து மூன்று மாதம் பொறுக்கச் சொல்வார்கள், உங்கள் பெயிண்ட் கம்பெனி சொல்வதைக் கேளுங்கள். அதுவரை வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் அன்றே கழுவிவிடுங்கள்.

கலர் மாத்தின கார் ஒண்ணு விலைக்கு வருது, பார்க்க சூப்பரா இருக்கு. வாங்கலாமா?

நிறம் மாற்றியதே குறை என்று ஒதுக்க வேண்டாம். ஏன் மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி. ஆசைக்கு மாற்றியவர் கட்டம் கட்டமாகப் படம் எடுத்து வைத்திருப்பார், காட்டச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவார். துருவையோ விபத்தையோ மறைக்க மாற்றியவரிடம் படம் இருக்காது.

பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் கொண்டுபோங்கள். ஃபேக்டரி பூச்சு பொதுவாக 100, 150 மைக்ரான் அளவில் இருக்கும். அதற்கு மேல் ஒரு முறை அடித்தால் கூடும், பல நூறைத் தாண்டினால் அடியில் பட்டி. இரும்பை மட்டும் அளக்கும் மலிவான மீட்டர் இந்தப் பானெட்டில் வேலை செய்யாது, காந்தமும் ஒட்டாது. அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஸில்லின் பின்முனையிலும் பின் சக்கர வளைவிலும் அளந்து பாருங்கள், காந்தம் அங்கே நன்றாகப் பிடிக்க வேண்டும். கடைசியாக டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேளுங்கள். விற்பவர் தயங்கினால் அடுத்த காரைப் பாருங்கள்.